உமேஷு போடுற சீசன் வந்தாச்சு

மே மாசம் கடைசி ஆயிட்டா போதும், டோக்கியோல எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள்ள போனாலும் காய்கறி பக்கம் தனியா ஒரு மேஜை போட்டு, பச்சைப் பசேல்னு குண்டு குண்டா உமேங்கிற காயை ஒரு கிலோ ஒரு கிலோவா பை போட்டு அடுக்கியிருப்பாங்க, பக்கத்துலயே சிவப்பு மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி, கட்டி கல்கண்டு, அப்புறம் அட்டை டப்பால அடைச்ச 1.8 லிட்டர் சரக்கு. நாலும் ஒரே இடத்துல, எல்லாம் வீட்ல உமேஷுங்கிற பழச்சரக்கு போடறதுக்கு. மாவு வாங்க வந்த அம்மா, ஸ்கூல் பையனை கைல பிடிச்சிட்டு வந்த அப்பா எல்லாரும் சர்வ சாதாரணமா அந்த சரக்கு டப்பாவை தூக்கி கூடைல போட்டுட்டு போவாங்க. நம்ம ஊர் கண்ணுக்கு முதல்ல இது கொஞ்சம் திக்குனு தான் இருக்கும்.

இதை போன்ல சொன்னப்ப எங்க அண்ணன், "டேய், அங்க போய் சாராயம் காய்ச்ச ஆரம்பிச்சுட்டியா, விசாவை புடுங்கிட்டு அனுப்பிடப் போறானுங்க"ன்னான். அதனால முதல்லயே க்ளியர் பண்ணிடறேன், இதுல காய்ச்சுறதும் கிடையாது, புளிக்க வெக்கிறதும் கிடையாது. ஏற்கனவே ஃபேக்டரில வடிச்சு, வரி கட்டி, கடைக்கு வந்த சரக்கை வாங்கி அதுல பழத்தையும் சர்க்கரையையும் போட்டு மூடி வெக்கிறோம், அவ்ளோதான். பழத்துக்குள்ள இருக்குற புளிப்பு, வாசனை, நிறம் எல்லாத்தையும் ஆல்கஹால் மெதுவா வெளிய இழுத்துக்கும். உலகம் பூரா இந்த வேலை நடக்குது. இங்கிலாந்துல ஸ்லோன்னு ஒரு காட்டுப்பழத்தை ஜின்ல போடறாங்க, ஸ்பெயின்ல நவார்ரா பக்கம் அதே பழத்தை சோம்பு வாசனை சரக்குல போட்டு பச்சரான்னு குடிக்கிறாங்க, இத்தாலில எலுமிச்சை தோல், கொரியால இதே உமே காய். ஆனா கிளாஸ்ல ஊத்திக் கொடுக்கிறதோட நிறுத்தாம வருஷா வருஷம் வீட்டு வேலையா, கேலண்டர்ல எழுதி வெச்சு செய்யறதை நான் பார்த்தது ஜப்பான்ல தான்.

சரி, காய்ல இருந்து வர்றேன். லேபிள்ல இங்கிலீஷ்ல பிளம்னு போட்டிருப்பாங்க, உண்மைல உமேவுக்கு ஆப்ரிகாட் தான் நெருங்கின சொந்தம். பச்சையா கடிச்சு திங்கவே கூடாது. புளிப்புக்காக சொல்லலை, கொட்டைலயும் பிஞ்சு சதைலயும் அமிக்டலின்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, அது வயித்துக்குள்ள போய் உடைஞ்சா சயனைடு வரும். சரக்குலயும் சர்க்கரைலயும் மாசக்கணக்கா கிடக்கறப்ப அது கரைஞ்சு சிதைஞ்சு குறைஞ்சிடுது. வேடிக்கை என்னன்னா, அதே அமிக்டலின் உடையறப்ப கிடைக்கிற பென்சால்டிஹைடு தான் உமேஷுவை மூக்குகிட்ட கொண்டு போனதும் அடிக்கிற அந்த பாதாம் வாசனை. அதனால தான் கொட்டையை எடுக்காம முழுசா போடறாங்க. கொட்டையை எடுத்துட்டு போட்டா புளிப்பு சர்பத் மாதிரி ஒண்ணு கிடைக்கும், உமேஷு கிடைக்காது.

ரகத்துல ராஜா நான்கோ. வகயாமா மாநிலத்துல மினாபேன்னு ஒரு ஊர், அங்க 1950கள்ல ஊர்ல இருக்குற மரங்கள்லயே எது நல்ல தாய்மரம்னு வருஷக்கணக்கா தேடியிருக்காங்க, உள்ளூர் ஹைஸ்கூல் வாத்தியாரும் பசங்களும் கூட சேர்ந்து அந்த வேலையை பார்த்திருக்காங்க, கடைசில தேறின ரகம் 1965ல நான்கோங்கிற பேர்ல பதிவாச்சு. பெரிய காய், சின்ன கொட்டை, மெல்லிசு தோல். ஜப்பானோட மொத்த உமே விளைச்சல்ல பாதிக்கு மேல இன்னிக்கும் வகயாமால இருந்து தான் வருது. மினாபே, தனாபே பக்கத்து உமே விவசாயத்தை 2015ல ஐநா உணவு வேளாண் அமைப்பு உலக வேளாண் பாரம்பரியமா அறிவிச்சாங்க. ஜூன் முதல் வாரம் பச்சைக் காய் வரும், நாள் போகப் போக மஞ்சளா, பீச் வாசனையோட பழுத்தது வரும். மஞ்சள்ல போட்டா வாசனை அள்ளும், ஆனா கொஞ்சம் கலங்கலா வரும், புளிப்போட அந்த வெட்டு இருக்காது. எனக்கு பச்சை தான். பழுத்ததை உப்புல போட்டு உமேபோஷி ஆக்கிக்கட்டும், அதுக்குத்தான் அது லாயக்கு.

அடுத்தது சரக்கு. டப்பால ஒயிட் லிக்கர்னு போட்டிருக்கும், 35%. இது ஒரு வகை ஷோச்சு, அதாவது ஜப்பான்ல வடிக்கிற சரக்கு. ஜப்பான் சட்டத்துல ஷோச்சுவை ரெண்டா பிரிச்சிருக்காங்க. ஒண்ணு தொடர்ச்சியா வடிக்கிற டவர்ல போட்டு, எதுல இருந்து வந்துச்சுன்னே தெரியாத அளவுக்கு சுத்தமா வடிச்சது, அது 36%க்கு கீழ இருக்கணும். இன்னொண்ணு பழைய முறைல பானைல வடிச்சது, சக்கரவள்ளிக்கிழங்கோ பார்லியோ அரிசியோ அதோட வாசனையோடயே வர்றது, அது 45% வரைக்கும் போகலாம். ஒயிட் லிக்கர் முதல் வகை, அந்த 36 கோட்டுக்கு ஒரு படி கீழ நிக்குது. தனியா குடிச்சா ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டை நக்கின மாதிரி இருக்கும், ஒரு குணமும் கிடையாது. ஆனா உமேஷுவுக்கு அது தான் வேணும், ஏன்னா வெறும் சுவரா நின்னா தானே அதுல பழம் தன் கலரை அடிக்க முடியும். விலை ஜாஸ்தியான கிழங்கு ஷோச்சுவை வாங்கி முதல் ஜாடிலயே ஊத்துறவங்களை பார்த்தா எனக்கு மனசு வலிக்கும், கிழங்கு வாசனையும் உமே வாசனையும் ஒரே ஜாடிக்குள்ள சண்டை போடும், ரெண்டுமே ஜெயிக்காது. பிராந்தில போடறது வேற கதை, அது நல்லா இருக்கும், கொஞ்சம் கனமா, இனிப்பு தூக்கலா வரும்.

35 எதுக்கு, 25% ஷோச்சு விலை கம்மி தானேன்னு கேட்கலாம். சின்ன கணக்கு போட்டு பாருங்க. 1.8 லிட்டர்ல 35%னா 630 மில்லி ஆல்கஹால். ஒரு கிலோ காய்ல பெரும்பகுதி தண்ணி தான், அதோட 600 கிராம் கல்கண்டு கரைஞ்சு அதுவும் இடம் பிடிக்கும், ஆக எல்லாம் கலந்து ஒரு நிலைக்கு வர்றப்ப அந்த 630 மில்லி கிட்டத்தட்ட 3 லிட்டருக்கு பரவி நிக்குது, அதாவது 20% பக்கம். இதையே 25ல ஆரம்பிச்சா 15 பக்கத்துல வந்து நிக்கும், அந்த அளவுல ஈஸ்ட் உயிரோட இருக்கலாம், ஜாடி நுரைக்க ஆரம்பிக்கலாம், பூஞ்சணம் கட்டலாம்.

இந்த இடத்துல தான் சட்டம் உள்ள வருது, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச பகுதி இது. ஜப்பான்ல வீட்ல மது தயாரிக்கிறது தப்பு, லைசென்ஸ் இல்லாம பண்ணா கேஸ். ஒரு சரக்குல இன்னொரு பொருளை கலந்து புதுசா ஒரு மது உண்டாக்கினா அதுவும் தயாரிப்புக் கணக்கு தான், அப்படி பார்த்தா உமேஷு போட்ட எல்லா பாட்டிகளும் குற்றவாளி. 1962ல சட்டத்தை திருத்தி, வீட்டுக்காரங்க தாங்களே குடிக்கிறதுக்குன்னா போட்டுக்கலாம்னு விட்டாங்க. ஆனா நிபந்தனை இருக்கு. வரி கட்டின சரக்கா இருக்கணும், 20%க்கு குறையக்கூடாது, ஜாடிக்குள்ள புதுசா நொதிச்சு ஆல்கஹால் உண்டாகக் கூடாது, விக்கக்கூடாது. போடக்கூடாத பொருள்னு ஒரு லிஸ்ட்டும் உண்டு, அரிசி, கோதுமை, சோளம் மாதிரி தானியம் எதுவும் கூடாது, திராட்சை கூடவே கூடாது, காட்டுத் திராட்சையும் தான். ஸ்ட்ராபெர்ரி போடலாம், எலுமிச்சை போடலாம், திராட்சைன்னா ஒயின் ஆயிடுமோன்னு அரசாங்கத்துக்கு பயம்.

சும்மா காகிதத்துல இருக்குற சட்டம்னு நினைச்சுடாதீங்க. 2007ல என்எச்கே டிவி சமையல் நிகழ்ச்சில மிரின் வெச்சு உமேஷு போடறது எப்படின்னு சொல்லிக் கொடுத்துட்டாங்க, மிரின்ங்கிறது சமையலுக்கு ஊத்துற இனிப்பு அரிசி மது, ஆல்கஹால் 14% வாக்குல தான். 20 கோட்டுக்கு கீழ, ஆக சட்டப்படி குற்றம். அப்புறம் மன்னிப்பு கேட்டாங்க. நாட்டோட பொது ஒளிபரப்பு நிறுவனமே தெரியாம நாட்டுக்கே சட்டவிரோத சரக்கு கிளாஸ் எடுத்த கதை இது. அதுக்கு அடுத்த வருஷம், 2008ல, தங்கும் விடுதிக்கும் சின்ன சின்ன குடிக்கடைக்கும் ஒரு சலுகை வந்துச்சு, வரி ஆபீஸ்ல முன்கூட்டியே சொல்லிட்டு, வருஷத்துக்கு 1 கிலோலிட்டர் வரைக்கும், வடிச்ச சரக்குல பழம் ஊற வெச்சு அங்கயே உக்காந்து குடிக்கிற கஸ்டமருக்கு கொடுக்கலாம்னு. சில குடிக்கடைல கவுண்டருக்குப் பின்னாடி வரிசையா ஜாடி ஜாடியா பழம் மிதக்குறதை பார்த்தீங்கன்னா, அதுக்குப் பின்னாடி இந்த சலுகையும் ஒரு ஃபாரமும் இருக்கு.

இனிமே கல்கண்டு. அளவு, ஒரு கிலோ காய்க்கு அரை கிலோல இருந்து ஒரு கிலோ வரைக்கும் ஆளாளுக்கு மாறும், எனக்கு 600 கிராம் சரி. ஏன் சாதா சர்க்கரை போடக்கூடாதுன்னா, சாதா சர்க்கரை சீக்கிரம் கரைஞ்சுடும், கரைஞ்சதும் வெளிய இனிப்பு அடர்த்தி ஏறி, சரக்கு காய்க்குள்ள போகறதுக்கு முன்னாடியே காய்ல இருக்குற தண்ணியை உறிஞ்சிடும், காய் சுருங்கி கெட்டியா போயிடும், வாசனை உள்ளயே மாட்டிக்கும். கல்கண்டு வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா கரையுது. முதல்ல சரக்கு காய்க்குள்ள இறங்குது, உள்ள இருக்குற புளிப்பையும் வாசனையையும் கரைச்சுக்குது, அதுக்கப்புறம் வெளிய இனிப்பு ஏற ஏற, அந்த கரைஞ்சதெல்லாம் திரும்ப வெளிய வருது. ஒரு சின்ன பம்ப் வேலை தான் இது. நம்ம ஊர் பனங்கல்கண்டு போட்டா எப்படி வரும்னு எனக்கு ஒரு நப்பாசை உண்டு, அடுத்த தடவை ஊர்ல இருந்து வர்றப்ப ஒரு கிலோ பெட்டில போட்டுக்கணும்.

போடற வேலையை எங்க வீட்டு ஓனரம்மாகிட்ட தான் பார்த்து கத்துக்கிட்டேன். எண்பது வயசு தாண்டினவங்க, சமையல்கட்டுத் தரைல நியூஸ்பேப்பர் விரிச்சு, மண்டி போட்டு உக்காந்துடுவாங்க. காயை கழுவி, ஒரு ரெண்டு மணி நேரம் தண்ணில போட்டு கசப்பு போக வெச்சு, வடிகட்டி, அப்புறம் ஒவ்வொண்ணா கைல எடுத்து துணியால ஒத்தி எடுப்பாங்க. காம்பு இருந்த குழில கருப்பா ஒரு சின்ன பொட்டு ஒட்டிட்டு இருக்கும், அதை மூங்கில் குச்சி முனையால லேசா நெம்பினா டொக்குன்னு தெறிச்சு விழும். அதை விட்டுட்டா சரக்குல கசப்பு இறங்கும், அந்த குழில தண்ணியும் தங்கும். குச்சி காய்ல குத்திடாம நெம்பணும், அது தான் கை வாக்கு. எனக்கு அவங்க வேகத்துல பாதி கூட வராது. காய்ல எங்கயாவது அடிபட்ட பழுப்பு புள்ளி தெரிஞ்சா பேசாம தனி கிண்ணத்துக்கு தள்ளிடுவாங்க, அது ஜாம்க்கு. வீட்ல மாவடு போட்டு பழக்கப்பட்டவங்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேணாம், அடிபட்டது ஒண்ணு உள்ள போனாலும் மொத்தமும் போச்சு, ஈரம் ஆகவே ஆகாது, அதே கண்டிஷன் தான். ஜாடியை கொதிக்கிற தண்ணி ஊத்தி கழுவி காய வெச்சு, கடைசியா அதே ஒயிட் லிக்கரை கொஞ்சம் துணில நனைச்சு உள்பக்கம் சுத்தி துடைக்கிறாங்க. ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு கல்கண்டு, திரும்ப காய், மேல சரக்கை சத்தம் இல்லாம ஊத்தி மூடியை இறுக்கினா வேலை முடிஞ்சது. மூடில பேப்பர் டேப் ஒட்டி தேதி எழுதி, சிங்குக்கு கீழ வெளிச்சம் படாத இடத்துல தள்ளிடுவாங்க.

அப்புறம் ஒண்ணும் பண்ண வேணாம், ஆனா எட்டிப் பார்க்காம இருக்க முடியாது. முதல்ல காய் எல்லாம் மேல மிதக்கும், கல்கண்டு அடில கிடக்கும், அடில கரைஞ்ச பாகு கனமா அலை அலையா நெளியறது கண்ணாடி வழியா தெரியும். அப்பப்ப ஜாடியை தூக்கி லேசா சாய்ச்சு சுத்தி விடணும், ஏன்னா மேல மிதக்குற காய் காத்துல நின்னா அங்க தான் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை போய் ஒரு மாதிரி காக்கி நிறம் வரும், சிலது சுருங்கும், சிலது குண்டாவே இருக்கும், சுருங்கினா பரவால்ல. மூணு மாசத்துல குடிக்கலாம்னு சொல்வாங்க, குடிக்கலாம் தான், ஆனா சரக்கு தனியா இனிப்பு தனியா நிக்கும். ஆறு மாசத்துல சேர ஆரம்பிக்கும், ஒரு வருஷம் ஆனா பொன் நிறம். காயை ஒரு வருஷத்துல எடுத்துடறவங்க உண்டு, அப்படியே விடறவங்களும் உண்டு, ஓனரம்மா எடுத்துடுவாங்க, ரொம்ப நாள் விட்டா கொட்டைல இருந்து கசப்பு வரும்னு. அவங்ககிட்ட பத்து வருஷத்துக்கு மேல போன ஒரு ஜாடி இருக்கு, கிட்டத்தட்ட காபி டிகாக்ஷன் நிறம், வாய்ல வெச்சா உலர்ந்த பேரீச்சை, கருகின சர்க்கரை, கடைசில மட்டும் அந்த பழைய புளிப்பு தலை காட்டும்.

இந்த பழக்கம் இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, 1697ல அச்சான ஒரு ஜப்பானிய உணவு நூல்லயே உமேஷு போடற முறை இருக்கு, ஆனா அதுல ஷோச்சுல போடலை, பழைய அரிசி மதுல தான் போட்டிருக்காங்க. கடைல பாட்டில்ல வர்றதுக்கு பெரிய பேர் சோயா கம்பெனி, 1914ல திராட்சைத் தோட்டமா ஆரம்பிச்சு 1959ல உமேஷுவுக்கு மாறினவங்க. கடைல வாங்கறதா இருந்தா பாட்டிலோட பின்பக்கம் பாருங்க. புளிப்புக்கு ஆசிட், வாசனைக்கு எசென்ஸ், கலர் எல்லாம் போட்டு ஒப்பேத்தினதும் அதே பேர்லயே வருது, அதனால 2015ல இருந்து உமே, சர்க்கரை, மது இது மட்டும் போட்டதுக்கு ஹொன்கக்கு உமேஷுன்னு தனியா லேபிள் வெச்சிருக்காங்க. விலை கொஞ்சம் கூட, ஆனா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு வாய் குடிச்சா எசென்ஸ் போட்டது மிட்டாய்த் தண்ணின்னு தெரிஞ்சுடும்.

குடிக்கிற விதம். இசகாயான்னு சொல்ற குடிக்கடைல ஆர்டர் பண்ணா உடனே "எப்படி வேணும்"னு கேட்பாங்க. ரொக்குன்னா பெரிய ஐஸ் கட்டி மேல ஊத்தினது, சோடா வாரின்னா சோடா கலந்தது, மிசு வாரி தண்ணி, ஒயு வாரி வெந்நீர். வீட்ல போட்டது கடைல வாங்கினதை விட ஏறும், கடைச் சரக்கு பெரும்பாலும் 10ல இருந்து 15%, நம்மது 20 பக்கம், இனிப்பு அதை மறைச்சுடும், அது தான் ஆபத்து. ஐஸ்ல ஊத்தி உடனே குடிக்காம கட்டி கொஞ்சம் உருகட்டும்னு வைங்க, இனிப்பு தளர்ந்து வாசனை திறக்கும். வேர்வை ஒழுகுற ஜூலைல ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு சோடா, கூட உப்பு மட்டும் போட்டு சுட்ட கோழி. குளிர்காலத்துக்கு வெந்நீர், முதல்ல கப்ல வெந்நீரை ஊத்திட்டு அப்புறம் உமேஷுவை ஊத்தணும், அப்ப தான் தானா கலக்கும், பாதாம் வாசனை ஆவியோட சேர்ந்து எழும்பும். இதை பொம்பளைங்க குடிக்கிற ஜூஸ்னு கிண்டல் பண்ற ஆளுங்க ஆபீஸ் பார்ட்டில எப்பவும் ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு ஓனரம்மாவோட அந்த கருப்பு ஜாடில இருந்து ஒரு கிளாஸ் கொடுத்து பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்க்கணும்.

கிளாஸ்ல ஒரு காயையும் போட்டுத் தருவாங்க, அதை விட்டுட்டு எழுந்திரிக்காதீங்க. பல்லால சதையை சுரண்டி சாப்பிட்டா பாதி போதை அதுல தான் இருக்கும். அதனால தான் சொல்றேன், குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க, ஒரு காய் தானேன்னு தின்னுட்டு கார் சாவியை எடுக்காதீங்க. இங்க மூச்சுல ஒரு லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் இருந்தாலே லைசென்ஸுக்கு ஆப்பு, வண்டியை கொடுத்தவன், ஊத்திக் கொடுத்தவன், கூட உக்காந்து போனவன் வரைக்கும் சட்டம் தேடி வரும். குடிக்கிற வயசும் 20 தான், 2022ல மேஜர் ஆகுற வயசை 18 ஆக்கினப்பவும் இதை மட்டும் தொடலை.

மீதி காயை கொட்டையை எடுத்துட்டு கொஞ்சம் சர்க்கரை சேர்த்து கிண்டினா ஜாம், பன்றிக்கறி வேக வெக்கிறப்ப நாலு போட்டா கறி மெத்துன்னு வரும். உமே முடிஞ்சா பிவா (லோக்வாட் பழம்), ஆப்ரிகாட், எலுமிச்சைன்னு வருஷம் முழுக்க ஏதாவது ஒண்ணு ஓடிட்டே இருக்கும், எலுமிச்சைக்கு மட்டும் தோலை ஒரு வாரத்துல எடுத்துடணும், இல்லன்னா கசந்துடும். இலையுதிர் காலத்துல கரின்னு ஒரு பழம் வரும், மஞ்சளா, வாசனையா, கத்தி இறங்காத அளவுக்கு கெட்டியா, அதைத் துண்டு போட்டு இதே சரக்குல போட்டா தொண்டைக்கு நல்லதுன்னு இங்க பாட்டிங்க எல்லாரும் சொல்வாங்க. அதுக்கு எனக்கு ஒரு ஜாடி காலியா வேணும், காலியாகணும்னா போன வருஷத்து உமேஷுவை யாராவது வந்து குடிச்சு முடிக்கணும், டோக்கியோ பக்கம் இருக்குறவங்க ரயில்ல வர்றதா இருந்தா ஒரு மெசேஜ் போடுங்க.